அப்பா மறந்தார்; நாம் மறக்கலாமா?

திருப்பூரில் ஒரு தலைமுறை அப்பாக்கள் இருக்கிறார்கள்.

கிராமத்தில் மழை பொய்த்தது. கிணறு வற்றியது. கையில் ஒரு மஞ்சள் பையோடு பஸ் ஏறி இந்த ஊருக்கு வந்தார்கள். பனியன் கம்பெனியில் கைமடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிறகு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தார்கள். பிறகு கட்டிங் மாஸ்டர் ஆனார்கள். சிலர் கடன் வாங்கி, நான்கு மெஷின் போட்டு, முதலாளியும் ஆனார்கள். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் நின்றவர்களும் இவர்களில் உண்டு.

அந்த அப்பாக்களுக்கு இப்போது வயது அறுபது, எழுபது, எண்பது.

அவர்களில் சிலருடைய வீட்டில் ஒரு விசித்திரம் நடக்கிறது.

அப்பா சாப்பிட்டு அரை மணி ஆகவில்லை. "எனக்கு ஏன் இன்னும் சோறு போடலை?" என்று கேட்கிறார். நடு இரவில் எழுந்து, "ஷிப்ட்டுக்கு நேரமாச்சு" என்று சட்டை மாட்டுகிறார். பெற்று வளர்த்த மகளையே பார்த்து, "நீங்க யாருங்க அம்மிணி?" என்கிறார்.

மகள் சமையலறைக்குள் போய் அழுகிறாள்.

"வயசானா இப்படித்தான்" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். அது சரியா?

சரியல்ல! இது முதுமை அல்ல. வியாதி. அதன் பெயர் அல்சைமர்.

ஜெர்மனியில் ஒரு பெண்

1901-ம் ஆண்டு. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரம். அங்கே மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். பெயர் அகஸ்டே டேட்டர். வயது 51தான்.

டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் அவளைச் சோதித்தார். "உன் பெயர் என்ன?" என்று கேட்டார். "அகஸ்டே" என்றாள். "உன் கணவர் பெயர்?" என்றார். அதற்கும் "அகஸ்டே" என்றாள். பெயரை எழுதச் சொன்னார். பாதியில் கை நின்றுவிட்டது. "என்னையே நான் தொலைத்துவிட்டேன்" என்று அவள் சொன்னாளாம்.

1906-ல் அவள் இறந்தாள். அவளுடைய மூளையை டாக்டர் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்தார். உள்ளே கசடு திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. நூல் சிக்கியது போல முடிச்சுகள் கிடந்தன. கண்டுபிடித்த டாக்டரின் பெயரே வியாதிக்குப் பெயராயிற்று.

நூல் சிக்கினால் துணி என்ன ஆகும் என்று திருப்பூருக்குச் சொல்ல வேண்டுமா?

இந்தியாவில் அறுபது வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மறதி நோய்களில் அதிகமாகக் காணப்படுவது அல்சைமர்தான். அப்பாக்களுக்கு மட்டுமல்ல, அம்மாக்களுக்கும் வரும். நம் நாட்டில் ஆண்களைவிடப் பெண்களையே அது அதிகம் பிடிக்கிறது.

ஏழை, பணக்காரன் என்று அது பார்ப்பதில்லை. மந்திரியையும் விடவில்லை. ஜனாதிபதியையும் விடவில்லை.

பத்து மொழி பேசியவர்

ஜார்ஜ் பெர்னாண்டஸ்! தொழிலாளர் உலகம் மறக்க முடியாத பெயர்.

1930-ல் மங்களூரில் பிறந்தார். பாதிரியாராக வேண்டும் என்று வீட்டார் பெங்களூருக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கிருந்து வெளியேறி, 1949-ல் பம்பாய்க்கு வந்தார். வேலை இல்லை. கடற்கரையில் பெஞ்சில் படுத்தார். பிறகு தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். கொங்கணி, துளு, கன்னடம், மராத்தி, இந்தி, தமிழ் என்று பத்து மொழி பேசுவார். எந்த ஊர்த் தொழிலாளி வந்தாலும் அவன் மொழியிலேயே பேசுவார்.

1974 மே மாதம் நாடு முழுவதும் ரெயில் ஓடவில்லை. லட்சக்கணக்கான ரெயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம். அதற்குத் தலைவர் அவரே. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் கைதானார். விலங்கு பூட்டிய கையை உயர்த்தி அவர் நிற்கும் படம் நாடெங்கும் பரவியது. 1977-ல் சிறைக்குள் இருந்தபடியே பீகாரில் முசாபர்பூர் தொகுதியில் போட்டியிட்டார். 3 லட்சத்துக்கும் அதிக ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்!

தொழில் மந்திரி ஆனார். ரெயில்வே மந்திரி ஆனார். கார்கில் போர் நடந்த 1999-ல் ராணுவ மந்திரியாக இருந்தார். பனி மூடிய சியாச்சினுக்குப் பல முறை போய்ப் படைவீரர்களைப் பார்த்தார். மந்திரியான பிறகும் தன் துணியைத் தானே துவைத்தார். அவர் அணிந்தது கசங்கிய குர்தா.

அப்படிப்பட்டவரை மறதி நோய் பிடித்தது.

பத்து மொழி பேசிய நாக்கு ஒடுங்கியது. ரெயிலை நிறுத்திய குரல் ஓய்ந்தது. 2010-க்குப் பிறகு அவர் பொதுவாழ்வில் இல்லை. அவரை யார் கவனிப்பது, யார் வந்து பார்ப்பது என்று மனைவி பக்கமும் நெடுநாள் தோழர்கள் பக்கமும் தகராறு வந்தது. வழக்கு டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. தன் விருப்பம் என்ன என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. ஊருக்கெல்லாம் வாதாடியவர், தனக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை!

2019 ஜனவரி 29-ந் தேதி, தம் 88-வது வயதில், டெல்லியில் காலமானார்.

மறுநாள் மக்கள் எதைப் பேசினார்கள்? படுக்கையில் கிடந்த ஆண்டுகளையா? இல்லை. விலங்கு பூட்டிய அந்தக் கையைத்தான் பேசினார்கள்.

ஜனாதிபதி எழுதிய கடிதம்

ரொனால்ட் ரீகன் 1981 முதல் 1989 வரை அமெரிக்க ஜனாதிபதி. 1994-ல் அவருக்கு இந்த வியாதி என்று டாக்டர்கள் சொன்னார்கள். அப்போது வயது 83.

அவர் ஒளிக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 5-ந் தேதி, தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். தன் வியாதியை நாட்டு மக்களுக்கு வெளிப்படையாகச் சொன்னார். மனைவி நான்சி படப்போகும் துன்பத்தை எண்ணி வருந்தினார். சொல்ல முடிந்த காலத்திலேயே சொல்லிவிட்டார்.

அவருக்கு ஒரு மகள். பெயர் பேட்டி டேவிஸ். அப்பாவின் அரசியல் அவளுக்குப் பிடிக்காது. அணுகுண்டை எதிர்த்து ஊர்வலம் போனாள். பெற்றோரோடு பல ஆண்டுகள் மனத்தாங்கல். அப்பாவுக்கு நோய் என்று தெரிந்ததும் பழைய சண்டை எல்லாம் எங்கே போயிற்று? திரும்பி வந்தாள். அருகில் இருந்தாள். அப்பாவின் நாட்களை எழுதி வைத்தாள்.

2004 ஜூன் 5-ந் தேதி ரீகன் இறந்தார். அதே ஆண்டில் மகள் எழுதிய புத்தகம் வெளிவந்தது. பிறகு, 2011-ல், தன்னைப்போல் அப்பாவையோ அம்மாவையோ கவனிக்கும் குடும்பத்தார் கூடிப் பேச, ஒரு சங்கமும் தொடங்கினாள்.

கை மறப்பதில்லை

ரீகனின் கடைசி ஆண்டுகளைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள்.

வீட்டு நீச்சல் குளத்தில் இலைகள் விழும். ரீகன் மணிக்கணக்கில் அவற்றை வாரிக்கொண்டே இருப்பார். குளம் சுத்தமானதும், காவலர்கள் அவருக்குத் தெரியாமல் மறுபடி இலைகளைப் போட்டுவிடுவார்களாம். ஏன்? அவருக்கு அந்த வேலையில் ஒரு நிம்மதி!

இதில் ஒரு உண்மை இருக்கிறது. மூளையில் புதிய செய்திகளைப் பதிவு செய்யும் இடத்தைத்தான் இந்த வியாதி முதலில் தாக்கும். அதனால் காலையில் நடந்தது மாலையில் இருக்காது. ஆனால் பழைய நினைவு நெடுநாள் நிற்கும். கை பழகிய தொழில் அதைவிட நெடுநாள் நிற்கும்.

உங்கள் அப்பா நாற்பது வருஷம் துணியைத் தடவிப் பார்த்தவரா? அவரிடம் ஒரு கட்டு பனியனைக் கொடுங்கள். மடிக்கட்டும். மடித்து முடித்தால் பிரித்து மறுபடி வையுங்கள். வீண் வேலை என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் நோயாளி அல்ல. மாஸ்டர்!

என்ன செய்யலாம்?

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் உண்டு. சாவி எதற்கு என்றே மறந்தால் தாமதிக்கக் கூடாது. தைராய்டு கோளாறாலும், பி-12 சத்துக் குறைவாலும், மனச்சோர்வாலும்கூட மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அல்சைமரை அடியோடு குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் வேதனையைக் குறைக்க மருந்துகள் உண்டு. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

அப்பாவுக்குப் பரீட்சை வைக்காதீர்கள். "நான் யார், சொல்லுங்க பார்க்கலாம்" என்று கேட்காதீர்கள். "நான் உங்க பொண்ணு வந்திருக்கேனுங்கப்பா" என்று நீங்களே சொல்லுங்கள். ஷிப்ட்டுக்குக் கிளம்பினால் சண்டை வேண்டாம். "இன்னிக்கு லீவுங்கப்பா, காபி குடிங்க" என்றால் போதும்.

வழி தவறிப் போவது பெரிய ஆபத்து. ஒவ்வொரு பனியனுக்கும் கழுத்தில் லேபிள் தைக்கும் ஊர் இது. அப்பாவின் சட்டைக்கும் ஒரு லேபிள் தையுங்கள். அதில் வீட்டுப் போன் நம்பர் இருக்கட்டும்.

கவனிப்பவரையும் கவனியுங்கள். ஒரே மருமகள் தலையில், ஒரே மகள் தலையில் எல்லாப் பாரத்தையும் போடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது அண்ணன் தம்பிகள் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அப்பாவுக்கு நினைவு இருக்கும்போதே கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்? முதல் சம்பளம் எவ்வளவு? யார் தொழில் கற்றுக் கொடுத்தார்? நோட்டில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் போனில் அவர் குரலையே பதிவு செய்யுங்கள். தன்னை யார் கவனிக்க வேண்டும், வீடு வாசல் என்ன ஆக வேண்டும் என்பதையும் அவர் வாயாலேயே கேட்டு வையுங்கள். பின்னால் கோர்ட்டு வாசல் ஏற வேண்டாம்.

பேரனுக்குச் சொல்லுங்கள்

ஒரு நாள் அப்பா போய்விடுவார். அவரோடு இருந்தவர்களுக்கு அப்போது ஒரு சங்கடம் வரும். கண்ணை மூடினால் கடைசி வருஷங்களே தெரியும். திட்டியது, அலறியது, படுக்கையை நனைத்தது எல்லாம் தெரியும். நல்ல அப்பாவை மனசு தேடும். உடனே கிடைக்க மாட்டார்.

கொடி காத்த குமரனை நினைத்துப் பாருங்கள். 1932 ஜனவரியில் தடியடி பட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் விட்டார். திருப்பூர் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலையா நினைத்திருக்கிறது? கொடியை விடாத கையை அல்லவா நினைத்திருக்கிறது!

உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். மஞ்சள் பையோடு வந்து இறங்கியவர், தீபாவளி போனஸில் உங்களுக்குப் பாவாடை வாங்கியவர், தான் கந்தல் பனியன் போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் புதுப் பனியன் வெட்டியவர். பேரன் பேத்திக்கு அவரைச் சொல்லுங்கள்.

அப்பா மறந்தது அவர் குற்றமல்ல. வியாதி செய்த வேலை.

அவருக்காக நினைத்திருப்பது இனி நம் வேலை.