கேம் மென்பொருள்: எப்போது காசு கட்டலாம்?

தேக்கா சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, என் குரலை அடையாளம் கண்டுகொண்ட ஓர் அம்மா கேட்டார்: “தம்பி, மகன் பாலிடெக்னிக்ல படிக்கிறான். கேம் செய்யற சாஃப்ட்வேருக்கு வருஷத்துக்கு ரெண்டாயிரம் டாலருக்கு மேல கேக்கிறான். கட்டலாமா?”

பெரும்பாலும் வேண்டாம் என்பதே என் பதில்.

அவர் மகன் கேட்டது ‘யூனிட்டி’ மென்பொருளின் ‘ப்ரோ’ உரிமம். 2025 தொடக்கத்தில் அதன் விலை ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,200 அமெரிக்க டாலர். ‘பெர்சனல்’ உரிமமோ இலவசம். இரண்டையும் பிரிப்பது திறமை அன்று, பணம். கடந்த 12 மாதங்களில் உங்கள் வருமானமும் திரட்டிய நிதியும் 200,000 டாலரைத் தாண்டாதவரை இலவச உரிமமே போதும். முன்பு தொடக்கத் திரையில் யூனிட்டியின் சின்னத்தை மறைப்பதற்காகவே காசு கட்டியவர்கள் உண்டு. 2024 அக்டோபரில் வந்த யூனிட்டி 6 முதல் அதற்கும் தேவையில்லை.

ஆனால் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். ஒரு பிரதிகூட விற்காமல் முதலீடு வாங்கினாலும் அது கணக்கில் சேரும். வேறொரு நிறுவனத்துக்காக வேலை செய்தால், அந்த நிறுவனத்தின் வரவைத்தான் பார்ப்பார்கள். பகுதிநேர வேலை எடுக்கும் நம் இளையர்கள் பலர் சறுக்கக்கூடிய இடம் இது. குழுவில் ஒருவர் மட்டும் ப்ரோ, மற்றவர்கள் இலவசம் என்றும் கலக்க முடியாது. மூன்று பேர் என்றால் 6,600 டாலர். நம் வெள்ளியில் எட்டாயிரத்துக்கு மேல்.

மூன்று பேர் என்றதும் நினைவுக்கு வருவது சிங்கப்பூரின் ‘ஜென்டில்பிரோஸ்’. 2017ல் யூனிட்டியில் அவர்கள் செய்த ‘கேட் குவெஸ்ட்’ மூன்றாம் பாகம்வரை வந்துவிட்டது. இட்லி, புட்டு சமைத்தபடி டொரொன்டோ தமிழ்க் குடும்பத்தின் கதை சொல்லும் ‘வெண்பா’வும் யூனிட்டியில் உருவானதே, 2024ல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் போன்ற கருவிகளில் வெளியிடும் நிலை வரும்போது ப்ரோ தேவைப்படும்; சில வேளைகளில் கருவி நிறுவனமே உரிமம் தந்துவிடும்.

‘வெண்பா’ வெளிவந்து ஆறு வாரத்தில், 2023 செப்டம்பர் 12 அன்று, யூனிட்டி ஒரு குண்டைப் போட்டது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய விளையாட்டுகள், ஒவ்வொரு முறை கருவியில் நிறுவப்படும்போதும் 20 காசுவரை கட்ட வேண்டுமாம். விற்பனைக்கு அல்ல, நிறுவலுக்கு! பல ஆண்டு உழைப்பை அதில் கொட்டியவர்கள் கொதித்தார்கள். அடுத்த மாதமே தலைமை நிர்வாகி விலகினார். சரியாக ஓராண்டு கழித்து அந்தக் கட்டணமே ரத்தானது. ஆனால் ப்ரோ விலை ஏறியது.

இதனால் ‘கோடோ’ பக்கம் போனவர்கள் பலர். அர்ஜென்டினாவில் பிறந்த கோடோ முற்றிலும் இலவசம். எவ்வளவு சம்பாதித்தாலும் பங்கு கேட்காது. ‘அன்ரியல்’ ஒரு விளையாட்டின் வருமானம் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய பிறகுதான் 5 விழுக்காடு கேட்கும். எதைத் தேர்ந்தாலும், தொடங்கும் நாளில் உள்ள உரிம நிபந்தனைகளை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் கையில் அந்த 2,200 டாலர் இருந்தால், சிம் லிம் ஸ்கொயர் போய் நல்ல ஹெட்ஃபோன் ஒன்றும், செய்த விளையாட்டு திணறாமல் ஓடுகிறதா என்று பார்க்க மலிவான கைபேசி இரண்டும் வாங்கலாம். மீதிப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.