ரூபாய் நோட்டு ஏன் மாறுகிறது?

இந்திய ரூபாய் நோட்டு முழுக்கப் பருத்தியால் செய்த தாளில் அச்சாகிறது. சாதாரணக் காகிதத்தைவிட நன்றாக உழைக்கும். ஆனாலும் கைமாறக் கைமாறத் தேயும். சங்கரன்கோவில் பூச்சந்தையில் ஈரக்கையால் எண்ணி, மடித்து இடுப்பில் செருகப்படும் பத்து ரூபாய், பீரோவில் கிடக்கும் ஐநூறைவிடச் சீக்கிரம் நைந்துபோகும். அழுக்கேறிய, கிழிந்த நோட்டுகளை எந்த வங்கிக் கிளையும் மாற்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. திரும்பி வருபவற்றை இயந்திரம் தரம் பிரிக்கும். கழிந்தவை துகளாக வெட்டப்பட்டுக் கட்டிகளாக அழுத்தப்படும்.

வடிவமே மாறுவதற்கு முதற்காரணம் கள்ள நோட்டு. ஓர் அடையாளத்தைப் போலி செய்யப் பழகிவிட்டால் அடுத்ததைக் கொண்டுவந்தாக வேண்டும். 2005-க்கு முந்தைய நோட்டுகளில் பின்பக்கம் அச்சான ஆண்டு இருக்காது. பாதுகாப்பு அம்சங்களும் குறைவு. அவற்றைத் திரும்பப் பெறப்போவதாக 2014 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. இன்றைய ஐநூறைச் சாய்த்தால் அதன் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாகும்.

2016-இல் தொடங்கிய புதிய வரிசையில் அளவும் சுருங்கியது. முன்பு நூறு 157 மி.மீ. நீளம், ஐநூறு 167. விரலுக்கே வித்தியாசம் தெரியும். இப்போது நூறு 142, இருநூறு 146, ஐநூறு 150. அகலம் மூன்றுக்கும் 66. நாலு மி.மீ. வித்தியாசத்தைத் தடவிக் கண்டுபிடிப்பது பார்வையற்றோருக்குப் பெரும்பாடு. ஓரத்தில் மேடான கோடுகள் உண்டு: நூறுக்கு நான்கு, இருநூறுக்கு நான்கும் இரு வட்டங்களும், ஐநூறுக்கு ஐந்து. புழங்கப் புழங்க அந்த மேடும் மழுங்கிவிடும். அளவை மாற்றுமுன் முதலில் கேட்டிருக்க வேண்டியது இவர்களைத்தான். நோட்டின் மதிப்பை அவர்கள் அறிய உதவும் ‘மணி’ என்ற கைப்பேசிச் செயலி 2020-இல்தான் வந்தது.

திரும்பப் பெறுவது வேறு, செல்லாது என்பது வேறு. 1946, 1978, 2016 ஆகிய மூன்று முறையும் உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதவை ஆயின. கணக்கில் வராத பணத்தைப் பிடிப்பது சொல்லப்பட்ட முக்கிய நோக்கம். 2016-இன் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வந்த இரண்டாயிரத்தை 2023 மே 19-இல் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது ரூ. 3.56 லட்சம் கோடி புழக்கத்தில் இருந்தது. அது இன்றும் சட்டப்படி செல்லும். ஆனால் வங்கிக் கிளைகள் அதை மாற்றித் தருவதில்லை. சங்கரன்கோவிலில் யாரிடமாவது ஒன்று மிச்சமிருந்தால் சென்னை போன்ற ஊரிலுள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போக வேண்டும், அல்லது அஞ்சலகம் வழியாக அனுப்பித் தம் வங்கிக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம்.