மழைச் செய்திக்குப் பின்னால் எத்தனை வேலைகள்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே செய்திக்காகக் காத்திருப்பார்கள்: நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையம் என்ன சொல்கிறது? அங்கிருந்து மழை நிலவரத்தைச் சொல்லிவந்த எஸ்.ஆர்.ரமணன் 2016-ல் ஓய்வு பெறும்வரை அந்த மையம் என்றாலே மக்களுக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும். பள்ளி விடுமுறை விடுவது மாவட்ட ஆட்சியர்தான் என்றாலும், பிள்ளைகள் நன்றி சொன்னது ரமணனுக்குத்தான்.

தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது செய்தி சொல்லும் ஒருவரை மட்டும். அவர் சொல்லும் இரண்டு நிமிடச் செய்தியில் அளப்பவர், கணிப்பவர், கருவி செய்பவர், கணினி மாதிரி எழுதுபவர் என்று பலருடைய உழைப்பு சேர்ந்திருக்கிறது. வானிலைத் துறைக்குப் போக விரும்பும் மாணவர் இவற்றில் எது தனக்கான வேலை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் படிப்பு வேறு, நுழையும் வழியும் வேறு.

அளப்பவர்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் தொடங்கப்பட்டது. தானியங்கிக் கருவிகள் பெருகிய பிறகும், அளவெடுக்கும் ஆட்கள் இல்லாமல் அது இயங்காது. ஓர் ஆய்வு நிலையத்துக்குப் போனால் புல்தரையில் கால்கள் வைத்த வெள்ளை மரப்பெட்டி ஒன்று நிற்கும். பக்கவாட்டில் காற்று நுழையும் சாய்சட்டங்கள் இருக்கும். வெயில் நேரே உள்ளே விழக்கூடாது என்பதால் கதவு வடக்குப் பார்த்திருக்கும். உள்ளே நான்கு வெப்பமானிகள்: அப்போதைய வெப்பநிலைக்கு ஒன்று, ஈரத்துணி சுற்றியது ஒன்று, அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் ஒவ்வொன்று. முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்துக் காற்றின் ஈரப்பதம் கணக்கிடப்படுகிறது.

பக்கத்தில் மழைமானி. காலை 8.30 மணிக்கு அதில் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். கொஞ்சம் மேலிருந்து பார்த்தாலும் அளவு மாறிவிடும். செய்தித்தாளில் வரும் ‘நேற்றுப் பெய்த மழை’ என்பது ஒரு நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலான கணக்கு.

மேலே உள்ள காற்றை அளக்க ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் ஒரு சிறு கருவியைக் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். அது ஏறஏற அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றை வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே போய், ஏறத்தாழ 30 கி.மீ. உயரத்தை எட்டி வெடிக்கும். இந்திய நேரப்படி காலை 5.30, மாலை 5.30 மணிக் கணக்குக்காக உலகம் முழுவதும் இப்படி பலூன்கள் பறக்கின்றன. சென்னைக்கான பலூன் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்புகிறது. பொங்கலானாலும் புயலானாலும் இந்த நேரம் மாறாது. ஆகவே இது ஷிப்ட் வேலை.

கணிப்பவர்கள்

இந்த அளவுகளோடு செயற்கைக்கோள் படமும் ரேடார் படமும் கணினி மாதிரிகளின் முடிவும் முன்கணிப்பாளரின் மேசைக்கு வருகின்றன. ஒரு மாதிரி புயல் சென்னைக்கு என்னும். இன்னொன்று நெல்லூருக்கு என்னும். இந்தப் பருவத்தில், இந்தக் கடற்பகுதியில் எந்த மாதிரி எப்படித் தவறும் என்று தெரிந்தவரே நல்ல முன்கணிப்பாளர்.

அவர் பயன்படுத்தும் சொற்களுக்கும் எல்லை உண்டு. காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை இருந்தால் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. மழை பெய்தால் அது கனமழை, 11.56 செ.மீ.யிலிருந்து மிக கனமழை, 20.44 செ.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. எச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்று அப்போது மத்திய, மாநில அரசுகளுக்கிடையே பெரிய வாக்குவாதமே நடந்தது. இந்த நாற்காலியில் உட்காருபவர் அந்தக் கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும்.

கருவியும் மாதிரியும் செய்பவர்கள்

அளக்கும் கருவியே பிழையானால் கணிப்பும் பிழைதான். இந்தியாவில் இதைத் தன் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் அன்னா மணி (1918–2001). பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, சி.வி.ராமனிடம் ஆய்வு செய்தவர். 1948-ல் வானிலைத் துறையில் சேர்ந்தார். அந்நாளில் கருவிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தன. ஏறக்குறைய 100 வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குசெய்து, அவற்றை இங்கேயே தயாரிக்க அவர் வழிசெய்தார். 1976-ல் ஓய்வு பெற்றபோது துறையின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தார்.

இன்று இதே இடத்தில் கணினி மாதிரி எழுதுபவர்களும் இருக்கிறார்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய ‘பாரத் முன்கணிப்பு அமைப்பு’ 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. முன்பு 12 கி.மீ. கட்டங்களாகப் பார்த்த வளிமண்டலத்தை அது 6 கி.மீ. கட்டங்களாகப் பார்க்கிறது. இங்கே வேலை பார்க்க இயற்பியல், கணிதம், நிரலெழுத்து மூன்றும் கைவசம் இருக்க வேண்டும்.

எந்தக் கதவு வழியாக நுழைவது?

சாதாரண பி.எஸ்சி. பட்டதாரிக்குத் திறந்திருப்பது ‘அறிவியல் உதவியாளர்’ பணி. இதற்கான தேர்வை மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்துகிறது. இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டமோ, கணினி அறிவியல் பட்டமோ, மின்னணுவியல்–தொலைத்தொடர்பு டிப்ளமோவோ முதல் வகுப்பில் இருக்க வேண்டும்; பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். ஆனால் இந்த அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. 2017-ல் வந்தது, அடுத்து 2022-ல் 990 இடங்களுக்கு வந்தது. அடிப்படைச் சம்பளம் ரூ.35,400. இதை மட்டுமே நம்பிக் காத்திருக்காமல் மேற்படிப்பையும் தொடர்வது நல்லது.

விஞ்ஞானி பணிக்குப் பொதுவாக முதுகலைப் பட்டமோ அதற்கு மேலோ தேவை. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஆந்திரப் பல்கலைக்கழகம் ஆகியவை வானிலையியலுக்குப் பெயர் பெற்றவை. ஆய்வுப் பக்கம் போக நினைப்பவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி, வளிமண்டலம், கடல் அறிவியல் தாளை எழுதலாம். இளநிலை ஆய்வாளராகத் தேறினால் 2023 முதல் மாத உதவித்தொகை ரூ.37,000. பயிர்களோடு வானிலையைச் சேர்த்துப் படிக்கக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வு மையமே இருக்கிறது.

அரசுக்கு வெளியே

காற்றாலைகள் நிறைந்த தமிழ்நாட்டில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. அடுத்த நாள் எவ்வளவு மின்சாரம் வரும் என்பதைக் காற்றாலை நிறுவனங்கள் 15 நிமிடத்துக்கு ஒரு கணக்காக, ஒரு நாளுக்கு 96 பகுதிகளாக முன்கூட்டியே சொல்ல வேண்டும். கணக்குத் தவறினால் பணம் கட்ட வேண்டும். அதனால் காற்றைக் கணிப்பதே ஒரு தொழிலாகிவிட்டது. பயிர்க் காப்பீடு, கப்பல், விமானப் போக்குவரத்து, தனியார் வானிலை நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் இந்தத் திறன் வேண்டும். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்களைப் பார்த்து இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் பலர். ஆர்வம் தொடங்கிவைக்கும், வேலைக்குப் பட்டம் கேட்பார்கள்.

யாருக்குப் பொருந்தும்?

வானத்தைப் பார்த்து ரசிப்பவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். விடியற்காலைப் பணிக்குச் சலிக்காதவர், ஒரு புள்ளி பிசகினாலும் திரும்பிப் பார்ப்பவர், ‘மழை வரும்னாங்க, வெயில் கொளுத்துதே’ என்ற கிண்டலைக் கேட்டும் மறுநாள் கணிப்பை எழுதுபவர்: இவர்களுக்கான வேலை இது. பிளஸ் ஒன்னில் சேரும்போதே இயற்பியலையும் கணிதத்தையும் விடாமல் எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன கதவுகளில் எதுவும் அடைபடாது.