ஓடாமல் கிடந்த டீசல் என்ஜினை வாங்கலாமா?

ஓடுகிற இயந்திரந்தான் தேயும், சும்மா நிற்பது அப்படியே இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பழைய ஆயில் என்ஜினை விற்பவரும் "அஞ்சு வருஷமா ஓட்டவே இல்லைங்க, புதுசு மாதிரி இருக்கு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். டீசல் என்ஜினைப் பொறுத்தவரை இது சிபாரிசு அல்ல, எச்சரிக்கை.

தருமபுரி மாவட்டத்தில் மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளுக்கு ஆயில் என்ஜின் வந்தது. அதன்பின் மின்சார மோட்டார் வந்தது. 1990-இல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்றான பிறகு, காசு கொடுத்து டீசல் ஊற்ற யாருக்கு மனம் வரும்? கிணற்று நீர்மட்டமும் இறங்கிற்று. கரையில் நின்று உறிஞ்சும் பம்பு காற்றழுத்தத்தின் தயவால்தான் நீரை ஏற்றுகிறது. ஏட்டுக் கணக்குப்படி அது 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டுவதே கடினம். ஆழ்துளைக் கிணற்றுக்கு இது உதவாது. இப்படித்தான் பல என்ஜின்கள் கொட்டகையின் மூலைக்குப் போயின. ஆயினும் மின் இணைப்புக்குக் காத்திருப்பவர்களும், குட்டையிலிருந்து இறைக்க விரும்புபவர்களும் அவற்றைத் தேடி வருவதுண்டு.

டீசல் என்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. 1897-இல் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய என்ஜினில் தொடங்கி, இன்றுவரை தத்துவம் ஒன்றே: சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்கினால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். காற்று கசிந்தால் சூடு இல்லை. சூடு இல்லையேல் என்ஜின் இல்லை. ஆகவே பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு இறுகப் பொருந்தியிருப்பதே இதன் உயிர்.

என்ஜின் நிற்கும்போது இந்த இடத்தில்தான் கேடு தொடங்குகிறது. சுவரில் படிந்த எண்ணெய்ப் படலம் சில மாதங்களில் வடிந்துவிடும். பிஸ்டன் நின்ற நிலையைப் பொறுத்து ஒரு வால்வு திறந்திருந்தால், ஈரக்காற்று உள்ளே புகுந்து இரவுக் குளிரில் பனித்துளியாகப் படியும். வளையமும் சுவரும் வார்ப்பிரும்பு. இரண்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். பழைய எண்ணெயில் தங்கிய அமிலமும் தன் பங்குக்குப் பேரிங்குகளை அரிக்கும். முன்பு விற்ற டீசலில் கந்தகம் அதிகம். அது எரிந்து உண்டான அமிலம் இது. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இல்லை. ஆனால் கொட்டகையில் கிடப்பது அதற்கு முன்பே நின்றுபோன என்ஜினாயிற்றே!

டீசல் டாங்கியின் அடியில் நீர் சேர்ந்தால், நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கொழகொழப்பான படிவு உண்டாகும். எரிபொருள் பம்பில் உள்ள சிறு தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான்; தலைமயிரின் கனத்தை விடப் பல மடங்கு குறைவு. பழைய டீசல் பிசினாகி இங்கே இறுகிவிடும். எரிபொருளை முழு அளவில் விடும் நிலையில் அது இறுகியிருந்தால் ஆபத்து. என்ஜின் பிடித்தவுடன் கவர்னரின் கட்டுக்கு அடங்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். கனத்த சக்கரம் சிதறினால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன? எனவே கைப்பிடியைச் சுழற்றுமுன், எரிபொருள் கட்டுப்பாட்டுத் தண்டு தடையின்றி நகர்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். காற்று புகும் வாயை அடைக்க ஒரு பலகையும் கையருகே இருக்கட்டும்.

சோதனையை எண்ணெயிலிருந்து தொடங்குவது நல்லது. அடித் திருகைத் தளர்த்தினால் கனமான நீர் முதலில் வரும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நீர் உள்ளே கசிந்திருக்கிறது. அடுத்து, அமுக்கம் நீக்கும் நெம்புகோலைத் தூக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் கயிறு கட்டி டிராக்டரால் இழுக்கும் வீரம் வேண்டாம். சிலிண்டரில் நீர் தேங்கியிருக்கலாம். நீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். பீய்ச்சு குழலைக் கழற்றி, உள்ளே நீர் இல்லை என்று தெரிந்தபின் எண்ணெய் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிடலாம். சக்கரம் சுற்றத் தொடங்கியபின் நெம்புகோலை இறக்கிவிட்டுத் தள்ளினால், நல்ல என்ஜின் வில்லைப் போல எதிர்த்துத் தள்ளும்.

தண்ணீர்ச் சட்டையையும் மறக்கக் கூடாது. பம்பு இறைக்கும் நீரில் ஒரு பகுதியே சிலிண்டரைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் அமைப்புப் பல என்ஜின்களில் உண்டு. பாறைப் பகுதியின் கடினநீர் அங்கே சுண்ணாம்பாகப் படியும்; வெப்பம் வெளியேறாது. குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தாலே தெரியும்.

நாம் போய்ச் சேரும்போது என்ஜின் வெதுவெதுப்பாக இருந்தால், விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சிரமத்தை மறைத்திருக்கிறார் என்று சந்தேகிக்கலாம். ஆறிய என்ஜினை நம் எதிரில் கிளப்பச் சொல்ல வேண்டும். நீலப்புகை நீடித்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை பாரம் மிகுதி அல்லது பீய்ச்சல் கோளாறு. வெண்புகை சூடேறிய பிறகும் நிற்காவிட்டால் அமுக்கக் குறைவோ நீர்க்கசிவோ இருக்கும். வெறுமனே ஓட்டிக் காட்டுவதில் ஒன்றும் தெரியாது. பம்பை மாட்டி ஒரு மணி நேரம் இறைக்க வேண்டும்.

ஒகேனக்கல் பரிசலுக்கு என்ஜின் இல்லை. ஆகவே இம்மாவட்டத்தில் இது கிணற்றோடு முடிகிறது. கடலோரத்தில் பழைய விசைப்படகு வாங்குபவர் இதையெல்லாம் இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது படகுகள் நிற்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் அங்கே துரு வேகமாகப் பரவும்.

வாங்கிய என்ஜின் கோடையில் மட்டுமே தேவை என்றால், மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறை பாரத்தோடு அரை மணி நேரம் ஓட்டினால் போதும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது ஓட்டாமல் விடுவதைவிடக் கெடுதல். எரிந்த புகையிலுள்ள நீராவி, சூடேறாத எண்ணெயிலேயே தங்கிவிடும்.