அடுப்பு பளபளன்னு இருக்கு... டியூபைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?

திருப்பூரில் கேஸ் அடுப்பு குளிப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலை கறிக்கடை. சாப்பாடு முடிந்து பாத்திரம் விளக்கும்போதே அடுப்பையும் ஒரு கை பார்த்துவிடுவார்கள். மற்ற ஆறு நாளும் ஷிப்ட்டுக்கு ஓடவே நேரம் சரியாக இருக்கும்.

என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறார். துணியில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண். எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் முகம் பார்க்கலாம். அப்படிப்பட்ட வீட்டில்தான் சில மாதங்களாக ஒரு பிரச்னை. குக்கர், வாணலி எல்லாவற்றின் அடியிலும் கரி. 40 நாள் வந்துகொண்டிருந்த சிலிண்டர் 30 நாளில் தீர்ந்தது. "எடையைக் குறைச்சுக் குடுத்துட்டாங்க கண்ணு" என்று அம்மா சிலிண்டர் கொண்டுவருபவரைத் திட்டிக்கொண்டிருந்தார். தீ மஞ்சளாக எரிந்தது எங்கள் இருவர் கண்ணிலும் பட்டது. ஆனால், அதை யாரும் ஒரு பிரச்னையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்திலிருந்து அடுப்பு ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவரை வரவழைத்தோம். வந்தவர் பளபளப்பைப் பார்க்கவே இல்லை. குனிந்து, மேடைக்கு அடியில் கையை விட்டு டியூபை வளைத்துக் காட்டினார். வளைந்த இடத்தில் மெல்லிய கோடு கோடாக வெடிப்பு. "ஏனுங்க்கா, மேல இத்தனை தேய்ச்சீங்களே, இதுல என்ன வருஷம் போட்டிருக்குன்னு பார்த்தீங்களா?" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தோம். 2014.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த டியூபுக்கு இரண்டடி தள்ளித்தான் தம்பி தினமும் பாய் போட்டுப் படுக்கிறான்.

மஞ்சள் தீ என்ன சொல்கிறது?

கேஸ் சரியாக எரிய அதோடு போதிய காற்று கலக்க வேண்டும். பர்னருக்குக் கீழே இருக்கும் சின்னத் துளை வழியாகக் காற்று உள்ளே போய், கேஸோடு கலந்து, மேலே எரிகிறது. அளவு சரியாக இருந்தால் தீ நீலமாக, நிதானமாக எரியும். காற்று குறைந்தால் மஞ்சளாகும். எரியாமல் மிஞ்சும் கரித்துகள்தான் பாத்திரத்தின் அடியில் ஒட்டுகிறது. கூடவே கார்பன் மோனாக்சைடும் உருவாகும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஆக, எங்கள் வீட்டு சிலிண்டரில் எடை குறையவில்லை. நாங்கள்தான் கேஸைக் கரியாக்கிக்கொண்டிருந்தோம்.

அடைப்புக்குப் பொதுவான காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: பொங்கி வழிந்த பால், சோற்றுக் கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு. பர்னருக்குக் கீழே போகிற குழாய்க்குள் சிலந்தி வலை கட்டுவதும் உண்டு. எங்கள் அடுப்பில் அந்த அண்ணன் இன்னொன்றையும் எடுத்துக் காட்டினார். பஞ்சு! "நம்ம ஊர் அடுப்புல இதுதான் அம்மிணி அதிகம்" என்றார்.

யோசித்தால் ஆச்சர்யம் இல்லை. அடுப்பு துடைக்க பனியன் வேஸ்ட், பாத்திரம் இறக்கும் கரித்துணியும் பனியன் வேஸ்ட். அதிலிருந்து உதிரும் நூலும் பஞ்சும் பர்னர் துளையில் போய் உட்காரும். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவர்கள், பிசிறு வெட்டும் வேலை எடுத்துச் செய்பவர்கள் வீட்டில் கேட்கவே வேண்டாம். காற்றிலேயே பஞ்சு மிதக்கும். காற்று போகும் துளை கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்ளும்.

நாமே செய்யலாம்... ஆனால் இதுவரைதான்!

முதலில் ரெகுலேட்டரை அணைத்துவிட்டு, அடுப்பு முழுக்க ஆறும் வரை பொறுக்க வேண்டும். பர்னரைத் தூக்கி எடுத்து, பித்தளையாக இருந்தால் வெந்நீரில் புளி கரைத்து அரை மணி நேரம் ஊறவைக்கலாம். பித்தளை அண்டாவுக்குப் பாட்டிகள் செய்தது இதைத்தான். பர்னர் அலுமினியமாக இருந்தால் புளியும் வேண்டாம், சோடா மாவும் வேண்டாம். கறுத்துப்போகும். பாத்திரம் விளக்கும் சோப்பும் வெந்நீரும் போதும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துளைகளில் தங்கிய அழுக்கை மெல்லிய ஊசியால் பக்குவமாக எடுங்கள். குத்தித் துளையைப் பெரிதாக்கிவிடக் கூடாது. பிறகு நன்றாகக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தீ 'படபட'வெனத் தெறித்து எரியும்.

பர்னரை எடுத்ததும் உள்ளே பித்தளையில் பொட்டு மாதிரி ஒரு துளை தெரியும். அதுதான் ஜெட். கேஸ் வெளியே வரும் வாசல். அதில் ஊசியோ கம்பியோ விடவே கூடாது. மயிரிழை அளவு பெரிதானாலும் கேஸ் அதிகமாக வந்து தீ மறுபடி மஞ்சளாகும். அதேபோல, அடுப்பின் மேல் குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவுவதும் தப்பு. தண்ணீர் ஜெட்டுக்கும் நாப்புக்கும் இறங்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். அந்தத் துணி பஞ்சு உதிராததாக இருக்கட்டும்.

நாப் இறுகிவிட்டால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. என் அம்மாவும் விட்டிருக்கிறார். சூட்டில் அந்த எண்ணெய் பிசினாகி, நாப் இன்னும் மோசமாகும். உள்ளே போட வேண்டியது சூடு தாங்கும் கிரீஸ். அதைப் பிரித்துப் போட மெக்கானிக்தான் வர வேண்டும். ஜெட், நாப், வால்வு மூன்றும் நம் வேலை இல்லை.

அடுப்பு சுத்தம் செய்யும் வீடியோக்கள் போனில் கொட்டிக் கிடக்கின்றன. இந்தக் கட்டுரைக்காக நானும் வரிசையாகப் பார்த்தேன். எலுமிச்சை, வினிகர், சோடா மாவு, முன்னால் கறுப்பு, பின்னால் பளபளப்பு. நான் பார்த்தவற்றில் ஒன்றில்கூட யாரும் குனிந்து டியூபைக் காட்டவில்லை.

டியூபிலும் தேதி, சிலிண்டரிலும் தேதி

ஆயில் நிறுவனங்கள் 'சுரக்ஷா' என்ற பெயரில் தருகிற, உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற டியூபுக்கு ஆயுள் 5 ஆண்டுகள். தயாரித்த காலம் டியூபிலேயே அச்சாகியிருக்கும். ஐ.எஸ்.ஐ முத்திரையும் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். நடுவில் வெடிப்பு, எலி கடித்த தடம், சூடு பட்டு இறுகிய இடம் தெரிந்தால் ஐந்து ஆண்டு வரை காத்திருக்கவும் கூடாது. டியூபுக்குத் துணி சுற்றுவது, பிளாஸ்டிக் உறை போடுவதெல்லாம் வேண்டாம். வெடிப்பு வந்தால் கண்ணில் படாமல் போய்விடும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சோப்பு நுரையை டியூப் முனைகளிலும் ரெகுலேட்டர் சேரும் இடத்திலும் தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிகிறது என்று அர்த்தம்.

சிலிண்டருக்கும் தேதி உண்டு. மேல் வளையத்தை உடம்போடு இணைக்கும் மூன்று பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் பாருங்கள். ஏ, பி, சி, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் ஒன்றும், பக்கத்தில் வருடமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே டி வரை. அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம் அது. கெடு தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். கொண்டுவருபவரை நிற்கவைத்து, வால்வு உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் சரியாக இருக்கிறதா, கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எடை போட்டுக் காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. நூலில் தொங்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடியை வெட்டி எறிந்துவிடாதீர்கள். கசிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி வால்வை அடைக்க அதுதான் உதவும்.

டெலிவரியின்போதே இலவசமாக அடிப்படைப் பாதுகாப்புச் சோதனை செய்யும் திட்டத்தை ஆயில் நிறுவனங்கள் நடத்தியிருக்கின்றன. நாடு முழுக்க 12 கோடிக்கும் அதிகமான சோதனைகள் நடந்ததாக மத்திய அரசு சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால், சிலிண்டர் வருகிற நேரத்தில் இங்கே பாதி வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குப் போயிருப்போம். அப்புறம் எங்கே சோதனை? கேஸ் ஏஜென்சிக்கு போன் செய்து, வீட்டில் ஆள் இருக்கும் நாளில் மெக்கானிக்கை அனுப்பச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

பாய்லருக்கு உண்டு, வீட்டு அடுப்புக்கு?

சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். அங்கே பாய்லரை ஓட்டச் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் சோதனை. 1923-லேயே இதற்கென்று சட்டம் வந்துவிட்டது. 2025-ல் புதுச் சட்டமும் வந்தது. குளிர் நாடுகளிலோ வீட்டைச் சூடாக்கும் கேஸ் அடுப்பைக் குளிர்காலத்துக்கு முன்பே ஆள் வைத்து சுத்தம் செய்துவிடுகிறார்கள். பாய்லர் சோதனைக்கு எல்லாவற்றையும் துடைத்துத் தயார் செய்துவிட்டு, இரவு வீட்டுக்கு வந்து 10 வருட டியூபில் டீ போடுகிறோம் நாம்.

அதுவும் நம் லைன் வீடுகளில்! ஒரே அறை. அதிலேயே அடுப்பு, ஃபிரிட்ஜ், சாமி விளக்கு, பாய். எல்.பி.ஜி காற்றைவிட எடை கூடியது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படரும். படுத்திருப்பவர்கள் உயரத்தில்தான் முதலில் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். கேஸுக்கு இயற்கையாக வாசனை கிடையாது. நாற்றம் வர வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, விளக்கு எரிந்தால் ஊதி அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வாருங்கள். தெருவுக்கு வந்த பிறகு 1906-க்கு போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் கேஸ் கசிவு அவசர எண் அது.

2025 ஜூலையில் திருப்பூர் கல்லூரி சாலைப் பகுதியில் சிலிண்டர்கள் வெடித்து, நாற்பதுக்கும் மேற்பட்ட தகரக் கொட்டகை வீடுகள் எரிந்தன. பகல் நேரம், எல்லோரும் வேலைக்குப் போயிருந்ததால் உயிர்கள் தப்பின. ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசையில் ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

வெளி மாநிலத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்கள் அறைகளில் இன்னொரு சிக்கல். சின்ன சிலிண்டர், அதன் தலையிலேயே பர்னர். பெரிய சிலிண்டரிலிருந்து கள்ளத்தனமாக நிரப்பித் தருகிற கடைகளில் வாங்குகிறார்கள். சோதனையும் இல்லை, சீலும் இல்லை. முகவரிச் சான்று இல்லாமலே 5 கிலோ சிலிண்டரை முறையாக வாங்க வழி இருக்கிறது. ஆயில் நிறுவனங்களே ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் விற்கின்றன. இது அந்த அறைகளில் பலருக்குத் தெரியவில்லை. உங்கள் லைனில் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

முறையான இணைப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. விபத்து நடந்தால் ஆயில் நிறுவனங்களின் காப்பீட்டில் உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய் வரையும், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரையும் கிடைக்கும். பதிவு செய்த முகவரியில் பொருள் சேதம் என்றால் 2 லட்சம் வரை. இதற்காக நாம் தனியாக பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. வீடு மாறும்போது ஏஜென்சியில் முகவரி மாற்றாமல் விட்டால் சிக்கல். இந்த ஊரில் வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர்கள் நிறைய பேர்.

அடுக்குமாடியில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூடிய குளியலறைக்குள் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, குளிப்பவர் சத்தமில்லாமல் மயங்கி விழுவார். கீசரைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் அன்றைக்கே புது டியூப் போட்டாயிற்று. தீ நீலத்துக்குத் திரும்பியது. சிலிண்டர்காரரிடம் அம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது டீ கொடுத்ததோடு சரி. மறுநாள் கம்பெனியிலிருந்து வரும்போது, பழுது உள்ள பீஸில் ஒட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார். 2030 என்று பேனாவால் எழுதி, டியூபுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு, நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்.