வீட்டில் கட்டிய காருக்கு டாஷ்போர்ட் பூட்டினேன்

ஒரு காரை வீட்டிலேயே கட்டலாம் என்று சொன்னால் எங்கள் ஊரில் பலர் சிரிப்பார்கள். ஆனால் இங்கிலாந்தில் இது நீண்ட காலமாக இருந்துவரும் வழக்கம். சட்டகம், எஞ்சின், சில்லுகள், உடற்பகுதி என்று தனித்தனியாகச் சேர்த்து, வீட்டுக் கராஜில் வைத்துத் தாங்களே பூட்டி எடுப்பார்கள். இதனைக் 'கிற் கார்' என்பார்கள். 1957 இல் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட 'செவன்' என்ற சிறிய திறந்த கார் இவ்வகையில் பெயர் பெற்றது. முழுக் காராக வாங்கினால் கொள்வனவு வரி உண்டு, பகுதிகளாக வாங்கினால் இல்லை என்பதால் பலர் அதைப் பகுதிகளாகவே வாங்கினார்கள். 1973 இல் வற் வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. வழக்கம் போகவில்லை. 1996 இல் ரொன் சாம்பியன் என்பவர், 250 பவுண் செலவில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டுவது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். பழைய போர்ட் கார் ஒன்றின் பாகங்களைக் கழற்றி, இரும்புக் குழாய்களை ஒட்டிச் செய்த சட்டகத்தில் பூட்டும் முறை அது.

என் கணவரும் அந்த நூலை வைத்துக்கொண்டுதான் 2010 இல் வேலையைத் தொடங்கினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைத் திருத்திப் பழகியவர் அவர். 2014 இல் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அப்போது காரின் எஞ்சின் ஓடியது, பிரேக் பிடித்தது. டாஷ்போர்ட் மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் 34 வயர்கள் ஒரு கற்றையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் 11 வயர்களில் மட்டும் அவருடைய கையெழுத்தில் பெயர்த் துண்டுகள் ஒட்டியிருந்தன.

வீட்டில் கடன் இருந்தது. மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பாகங்களாக எடுத்தால் 600 பவுண் தரலாம்" என்றார். பதிவு செய்து வீதியில் ஓடும் நிலையில் இருந்தால் அதைப்போல் ஐந்து மடங்கு கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்தது. கணவரின் தம்பி என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்:

"அண்ணி, உது ஆம்பிளையளின்ர வேலை. வித்துப்போட்டு நிம்மதியா இருங்கோ."

"ஒரு மாரிகாலம் பாப்பம் தம்பி. சரிவராட்டி விப்பம்" என்றேன்.

உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் வாகன மின்வேலை பற்றிய 10 வார மாலை வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பகலில் தையற் கடையில் உடுப்புத் திருத்தும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜ்.

டாஷ்போர்ட் எதற்கு?

டாஷ்போர்ட்டை அழகுக்காக வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கார் எங்களோடு பேசும் இடம். எண்ணெய் அழுத்தம் குறைகிறதா, எஞ்சின் சூடேறுகிறதா, பற்றரிக்கு மின் ஏறுகிறதா என்பவற்றை எஞ்சின் கெட்டுப்போவதற்கு முன்னர் அது சொல்லும். ஆகவே எந்த மானியை எங்கே வைப்பது என்பதுதான் முதல் வேலை. இருக்கையில் அமர்ந்து ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, எந்த இடம் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தேன். வேகமானியும் எண்ணெய் அழுத்தமானியும் ஸ்ரியறிங் வளையத்தினூடாகத் தெரியும் இடத்துக்கு வந்தன. எரிபொருள் மானி சற்று ஒதுங்கி இருக்கலாம்.

முதலில் காட்போட் மட்டையில் மாதிரி வெட்டினேன். சட்டைக்குக் கடதாசியில் மாதிரி வெட்டுவதைப் போலத்தான். நான்கு முறை வெட்டித் திருத்திய பின்னரே 6 மில்லிமீற்றர் பிளைவூட் பலகையில் கை வைத்தேன். சிறிய மானிகளுக்கு 52 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைகள். துளைகளுக்கிடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி வேண்டும், ஏனெனில் பின்புறத்தில் மானியை இறுக்கும் பட்டிக்கும் இடம் தேவை.

அங்குள்ள சட்டப்படி வீட்டில் கட்டிய கார் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பரிசோதிக்கப்பட வேண்டும். விபத்தில் முகமோ முழங்காலோ மோதக்கூடிய இடத்தில் கூரான விளிம்பு இருக்கக்கூடாது. டாஷ்போர்ட்டின் கீழ் விளிம்பின் வளைவு 19 மில்லிமீற்றர் ஆரைக்குக் குறையக்கூடாது. அதனால் 38 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய் ஒன்றைக் கீழ் விளிம்பு நெடுகப் பொருத்தி, அதன் மேல் மெல்லிய ஸ்பொஞ்சும் றெக்சினும் போர்த்தினேன்.

இந்த இடத்தில் என் தையல் கை கொடுத்தது. வெளிப்புறம் வளையும் விளிம்பில் துணி சுருங்கும், அங்கே ஆங்கில 'வி' எழுத்து வடிவில் சிறு துண்டுகளை வெட்டி எடுக்க வேண்டும். உட்புறம் வளையும் விளிம்பில் துணி இழுபடும், அங்கே வெட்டுக் கீறல் போதும். மானித் துளைகளின் நடுவில் நட்சத்திரம் போல் கீறி, இதழ்களைப் பின்னால் மடித்து ஒட்டினேன். கழுத்து வட்டம் தைத்துப் பழகிய எவருக்கும் இது புதிய வித்தை அல்ல.

வயர்களை இனங்காணுதல்

எல்லோரும் பயப்படும் பகுதி வயரிங். பெயரில்லாத 23 வயர்களை இனங்காண வேண்டியிருந்தது. பற்றரியைக் கழற்றிவிட்டு, மல்ரிமீற்றரைச் சத்தமிடும் நிலையில் வைத்தேன். பின்விளக்குக்குப் போகும் வயரின் முனையில் ஒரு நீண்ட வயரைத் தொடுத்து மீற்றரின் ஒரு முனையில் இணைத்தேன். மற்ற முனையால் கற்றையில் உள்ள வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். எது சத்தமிடுகிறதோ அதுவே அந்த வயர். உடனே பெயர் எழுதி ஒட்டிவிட வேண்டும். மகள் பின்னால் இருந்து வயரைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கேக்குதா? அம்மா, இப்ப கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மூன்று ஞாயிறுகளில் 23 உம் முடிந்தன.

நிறங்களும் வழிகாட்டின. பழைய பிரித்தானிய முறையில் மண்ணிறம் பற்றரியிலிருந்து எப்போதும் மின் வரும் வயர். வெள்ளை, சாவி திருகினால் மின் வரும் வயர். பச்சை, சாவிக்குப் பின் பியூஸ் வழியாக வருவது. கறுப்பு ஏர்த். மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரினிலும் இதே முறைதான். என் கணவர் வாலிப வயதில் பழகிய அந்த நிறங்களைத்தான் இங்கேயும் இழுத்து வைத்திருந்தார். ஊரில் அக்கார்களில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பல பற்றரியின் நேர் முனையை ஏர்த் ஆகக்கொண்டு வந்தவை. பின்னர் சிலவற்றை மாற்றிவிட்டார்கள். எது என்று பார்த்த பின்னரே எதையும் இணைக்க வேண்டும்.

ஏர்த் விடயத்தில் கிற் காருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பலகை மின்னைக் கடத்தாது. இரும்பு டாஷ்போர்ட் உள்ள காரில் மானியைப் பூட்டினாலே ஏர்த் கிடைத்துவிடும். பலகையில் ஒவ்வொரு மானிக்கும் தனிக் கறுப்பு வயர் இழுத்து, பெயின்ற் சுரண்டிய சட்டகத்தில் இறுக்க வேண்டும். சிக்னல் போடும்போது வேறு விளக்குகளும் சேர்ந்து மங்கலாக மினுங்கினால் ஏர்த் சரியில்லை என்று முதலில் சந்தேகியுங்கள். இது முச்சக்கர வண்டிக்கும் பொருந்தும்.

பியூஸுக்கு ஒரு சிறு கணக்குப் போதும். வாற்றை வோல்ற்றால் வகுத்தால் அம்பியர் வரும். 55 வாற்று முன்விளக்கு இரண்டு சேர்ந்து 110 வாற்று. 12 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 அம்பியர். அதற்கு 15 அம்பியர் பியூஸ் போட்டேன். பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் சமாளிக்கும் பழக்கம் எங்கள் ஊரில் இருந்தது. அப்படிச் செய்தால் அடுத்த முறை எரிவது வயர்தான்.

சின்னச் சிவப்பு விளக்கு

டாஷ்போர்ட்டில் பற்றரிச் சின்னம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். அது எச்சரிக்கைக்கு மட்டும் என்றுதான் நானும் வகுப்புக்குப் போகும்வரை நினைத்திருந்தேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோக் கேட்ட காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த டைனமோவுக்குள் நிலைகாந்தம் உண்டு, ஆகவே சுற்றியவுடன் மின் வரும். காரின் ஓல்ரனேற்றரில் இருப்பது மின்காந்தம். அது விழிப்பதற்கு முதலில் சிறிது மின் கொடுக்க வேண்டும். பல பழைய வாகனங்களில் அந்தச் சிறு மின், 2 வாற்று அளவான இந்தக் குமிழ் வழியாகத்தான் போகிறது. குமிழ் எரிந்துபோனாலோ, அதற்குப் பதிலாக எல்.ஈ.டி. விளக்கை மட்டும் போட்டாலோ, ஓல்ரனேற்றர் விழிக்காமலே இருக்கக்கூடும். நல்ல ஓல்ரனேற்றரைக் கழற்றி எறிந்து புதிது வாங்க முன்னர் இந்தக் குமிழைப் பாருங்கள். பல ஆயிரம் ரூபா மிஞ்சும்.

எல்லாம் பூட்டியபின் பற்றரியை ஒரேயடியாக இணைக்கவில்லை. எல்லாப் பியூஸ்களையும் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்று வேலை செய்த பின்னரே அடுத்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினை ஸ்ராட் பண்ணினேன். எண்ணெய் அழுத்தமானியின் முள் எழுந்தது, சிவப்பு விளக்கு அணைந்தது. மகள் கைதட்டினாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு சிறிது நேரம் அழுதேன்.

2016 இல் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். வேகமானி உண்மையான வேகத்திலும் குறைத்துக் காட்டக்கூடாது, கூட்டிக் காட்டினாலும் அதற்கு அளவு உண்டு. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் முள் 80 க்கும் 98 க்கும் இடையில் நிற்க வேண்டும். அதுவும் தேறியது. பரிசோதகர் டாஷ்போர்ட்டின் கீழ் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்து, "யார் போர்த்தியது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். பக்கத்தில் நின்ற தம்பி, "வயரிங்கும் அண்ணிதான்" என்றார்.

பதிவு முடிந்தபின் காரை 3,200 பவுணுக்கு விற்றேன். கடன் தீர்ந்தது. மிச்சப் பணத்தில் நல்ல மல்ரிமீற்றரும், பற்றாசு வைக்கும் கோலும், வயர் முனைகளை நெரிக்கும் குறடும் வாங்கினேன். இன்று வாரத்தில் மூன்று நாட்கள் ஒரு கராஜில் மின்வேலை செய்கிறேன்.

சகோதரிகளே, வடக்கிலும் கிழக்கிலும் யுத்தத்தின் பின்னர் குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர். உங்களுக்குச் சுயதொழில் என்றால் தையலும் கோழி வளர்ப்பும்தான் என்று சொல்லப்பட்டிருக்கும். அவை நல்ல தொழில்கள்தான். ஆனால் உங்கள் வீதியில் ஓடும் மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, லான்ட்மாஸ்ரர் எல்லாவற்றிலும் வயரும் பியூஸும் விளக்கும் உண்டு. பாரம் தூக்க வேண்டாம். பொறுமையும் கூர்ந்த கண்ணும் ஒழுங்காக எழுதிவைக்கும் பழக்கமும் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் வாகன மின்வேலைப் பயிற்சி பற்றி விசாரியுங்கள். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழைப் பற்றியும் கேளுங்கள். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்கள் தங்கள் திறமையைக் காட்டி அதைப் பெறவும் வழி உண்டு. தனியே போகத் தயக்கமாக இருந்தால் இருவராகப் போங்கள். ஒருவர் வயரைப் பிடிக்க, மற்றவர் மீற்றரைப் பார்க்கலாம்.