இலையோடு உள்ளே போகும் காவல்

பட்டுப்புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்தாம் பருவத்தில், ஏறக்குறைய ஒரே வாரத்தில், தின்று தீர்க்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, உடுமலைப் பக்கத்து வளர்ப்பு மனைகளில் விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும் வாரமும் அதுதான். இலைக்கும் ஆள்கூலிக்கும் பணம் போட்டாயிற்று. கூடு கட்ட இரண்டு நாள் இருக்கும்போது கிராசரி என்ற பால்நோய் தலைகாட்டும். புழு வீங்கி, தோல் கிழிந்து, வெள்ளை நீர் வடியும். அந்த நீர் முழுக்க வைரஸ்.

இதுவரை கைகொடுத்தவை சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், மைசூரு மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையத்தின் 'விஜேதா' தூள். எல்லாமே கிருமியைக் கொல்பவை. இப்போது ஆய்வாளர்கள் பார்வை கொல்லக் கூடாத கிருமிகள் பக்கம் திரும்பியிருக்கிறது.

பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலைதான் சாப்பாடு. எனவே குடலில் குடியேறும் பாக்டீரியாக்களில் பெரும்பங்கு இலையோடுதான் உள்ளே போகிறது. அந்தக் குடலோ கடும் காரம், பி.எச். அளவு 10-ஐ ஒட்டியது. பால்நோய் வைரஸ் போர்த்தியிருக்கும் புரத உறை கரைவதும் இந்தக் காரத்தில்தான். அங்கே தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாவுக்கே வேலை உண்டு. பேசில்லஸ் பியூமிலஸ் என்ற குடல்வாசி சுரக்கும் லைபேஸ் நொதி, இந்த வைரஸை எதிர்ப்பது ஆய்வகத்தில் தெரியவந்திருக்கிறது. என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸில் ஒரு ரகம், பெப்ரைன் நோயைத் தரும் நொசிமா என்ற ஒட்டுண்ணியை அடக்கும் புரதத்தைச் சுரக்கிறது.

பெப்ரைனை லேசாக எண்ண முடியாது. 1865-இல் லூயி பாஸ்டரைத் தெற்கு பிரான்சின் அலே ஊருக்கு இழுத்து வந்த நோய் அது. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, நோய் இருந்தால் முட்டையை அழித்துவிடும் அவர் முறைதான் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நம் வித்தகங்களில் இன்றும் நடக்கிறது.

பேசில்லஸ் என்றதும் எல்லாவற்றையும் நம்பிவிடவும் முடியாது. பருத்தி, காய்கறிப் புழுக்களைக் கொல்லத் தெளிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸும் அதே குடும்பம்தான்; 1901-இல் ஜப்பானின் இஷிவாடா அதைக் கண்டெடுத்ததே நோயுற்ற பட்டுப்புழுவிலிருந்து! ரகத்துக்கு ரகம் சோதித்த பிறகே மனைக்குள் விட வேண்டும்.

நல்ல பாக்டீரியாவை இலையில் தெளித்துப் புழுவுக்கு ஊட்டுவதில் நடைமுறை முடிச்சு ஒன்றும் இருக்கிறது. விஜேதா தூவுவது, புழு தோலுரித்து எழுந்ததும், முதல் தீனிக்கு அரை மணி நேரம் முன்பு. நல்ல பாக்டீரியா தெளித்த இலையை அதே தீனியில் போட்டால் அந்தத் தூள் அதையும் விடாது. அடுத்தடுத்த தீனிக்குத் தள்ளிப்போட்டு, தெளித்த இலையை ஈரம் காயவைத்த பிறகே தட்டில் பரப்ப வேண்டியிருக்கும்.